ரோஸி சாத்திய கேட்

திருவேங்கடத்தின் மாடி அறையை இடித்த அன்று ரோஸி வேலைக்குப் போகவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை அவளுக்கு. லீவு போட்டால் சூப்பர்வைசர் இரண்டு நாளைக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டான். ஆனாலும் பக்கத்து வீட்டை இடிக்கும்போது திருவேங்கடத்தின் மனைவி வசந்தா அக்காவைத் தனியாக விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே காம்பவுண்டுச் சுவர். இருபது வருடப் பழக்கம்.

அறை தெருப்பக்கம் மூன்றடி நீட்டிக்கொண்டிருந்தது. மகன் வினோத்துக்குக் கல்யாணமானபோது திருவேங்கடம் கட்டியது. அதிகாரிகளோடு போலீஸும் வந்திருந்தது. வினோத் ஓடிப்போய் பிரேக்கர் மெஷினைப் பிடித்து இழுத்தான். ஒரு கான்ஸ்டபிள் அவன் முழங்கைக்குப் பின்னால் லத்தியால் போட்டார். அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். திருவேங்கடம் அறைக்குள் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"என் மேல ஓட்டுங்கடா மெஷின" என்றார்.

நான்கு பேர் அவருடைய கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படியில் இறக்கும்போது வேட்டி அவிழ்ந்து நழுவியது. தெரு முழுக்க நின்று பார்த்தது. வசந்தா தன் முந்தானையால் அவரை மூடினாள். ரோஸி ஓடிப்போய் வேட்டியைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டவில்லை.

புகார் எழுதிப் போட்டது வீரராகவன் என்று எல்லோருக்கும் தெரியும். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், செண்பகா அவென்யூ நலச்சங்கத்தின் செயலாளர். காட்டுப்பாக்கத்தில் அந்த அவென்யூ இருக்கும் இடம் முழுக்க ஒரு காலத்தில் திருவேங்கடத்தின் குடும்பம் நெல் போட்ட நிலம். விற்றதுபோக ஒரு மனையை வைத்துக்கொண்டு அதில் வீடு கட்டிக்கொண்டவர் அவர். சங்கம் வந்தபின் விதிகள் வந்தன. முன்பக்க பால்கனியில் துணி காயப்போடக் கூடாது. எல்லா கேட்டுக்கும் ஒரே சாம்பல் நிறம் அடிக்க வேண்டும். மாடு வளர்க்கக் கூடாது. திருவேங்கடத்தின் இரண்டு மாடுகளும் போயின. துணி விஷயத்தில் மட்டும் வசந்தா கேட்கவில்லை. வீரராகவன் மூன்று முறை வந்து சொன்னார். மூன்றாவது முறை திருவேங்கடம் அவரைப் பார்த்து, "எங்க நெலத்துல நின்னுகினு எங்க பொடவைய எங்க போடணும்னு சொல்ற" என்றார். அதற்கு அடுத்த மாதம் மாடி அறைக்கு நோட்டீஸ் வந்தது.

இடித்து ஒரு வாரத்துக்குள் வினோத்தும் அவன் மனைவி மோகனப்பிரியாவும் கரையான்சாவடியில் வாடகைக்குப் போய்விட்டார்கள்.

திருவேங்கடம் இருபது நாள் வெளியே வரவில்லை. பிறகு ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தார். யாருடைய சன்ஷேடு எவ்வளவு நீட்டியிருக்கிறது, யாருடைய சாய்தளம் ரோட்டில் எத்தனை அடி இறங்கியிருக்கிறது, எந்தக் கார் ஷெட்டுக்கு அனுமதி இல்லை, எல்லாவற்றையும் தெருவில் நின்று அளந்து எழுதினார். ரோஸியின் வீட்டுப் பக்கச் சந்தில் மாடிப்படி இருந்தது. அதன் ஓரத்தில் அவர் டேப்பை வைத்தபோது ரோஸி வெளியே வந்தாள்.

"அண்ணே, எங்க படியுமா?"

"அல்லாரோடதும்தான் ரோஸிம்மா. உன்னுத உட்டா, ஆளு பாத்து உட்டான்னு சொல்லுவானுங்க."

"மேல எம்பொண்ணு ரெனிதா கீறா. கைக்கொழந்த கீது."

"என் ஊட்லயும்தான் புள்ள இருந்தான்" என்று சொல்லிவிட்டு அவர் எண்ணை எழுதிக்கொண்டார்.

அவர் போட்ட மனுவில் நாற்பத்தோரு வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. வீரராகவனின் கார் ஷெட்டும் அதில் இருந்தது.

ரோஸியின் கணவன் ஜோசப்ராஜ் அம்பத்தூரில் லேத் ஆபரேட்டர். அவன் நோட்டீஸை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஐந்து முறை அலைந்தான். ஐந்தாவது முறை ரோஸியும் கூடப் போனாள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பொறுமையானவர்தான். பேப்பரில் கட்டம் போட்டுக் காட்டினார். பக்கத்தில் ஐந்தடி இடம் விட வேண்டும். படி அந்த ஐந்தடியையும் அடைத்துக்கொண்டிருக்கிறது. பணம் கட்டி வரன்முறைப்படுத்த வழி இல்லை.

"சார், மனையே இருபதடி அகலம். ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு உட்டா மிச்சம் பத்தடி. அதுல எப்படி சார் குடியிருக்கறது?" என்று ஜோசப்ராஜ் கேட்டான்.

"அது நான் சொல்ல முடியாதுங்க. படிய உள்ள கொண்டு போய்டுங்க."

"உள்ள கொண்டு போனா சமையல்ரூம் போயிரும் சார்."

அதிகாரி அடுத்த பேப்பரை எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் ஜோசப்ராஜ் மாடிப்படியின் கைப்பிடிக்கு வைத்திருந்த இரும்புப் பைப்பை எடுத்து, சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் டிரம்மை அடித்து அடித்து உடைத்தான். அது தண்ணீர் டிரம். சந்து முழுக்கத் தண்ணீர் ஓடியது. மேலே குழந்தை வீறிட்டது.

அந்த மாதத்தில் திருவேங்கடத்தின் டிவிஎஸ் வண்டி சாக்கடையில் கிடந்தது. அவருடைய முன்ஜன்னல் கண்ணாடி உடைந்தது. பிறகு பின்ஜன்னலும் உடைந்தது. தண்ணீர்த் தொட்டிக்குள் யாரோ பெயின்டைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். அவர் போலீசுக்குப் போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் இன்னொரு மனு எழுதிப் போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ரோஸி சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்பதரை. தெருமுனைப் பார்க்கில் சங்கக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. முப்பது நாற்பது ஆண்கள் இருந்தார்கள். ஜோசப்ராஜும் அங்கேதான் இருந்தான். வீரராகவன் பேசுவது கேட்டது.

"சட்டப்படி நாம செய்யக்கூடியது ஒண்ணும் இல்லைன்னு வக்கீல் கையை விரிச்சுட்டார். புதன்கிழமையிலேர்ந்து இடிக்க வர்றாங்க. ஒரே ஒரு மனுஷர். அவர் மனுவை வாபஸ் வாங்கினா கொஞ்சம் காலம் தள்ளிப் போகும். அவர்கிட்ட யாராவது புரியற மாதிரி பேசணும்."

ரோஸி கேட்டைத் திறந்து உள்ளே வந்து செருப்பைக் கழற்றினாள். அந்த நேரம் பார்த்துத் திருவேங்கடம் கடைக்குப் போய்விட்டு, கையில் பால் பாக்கெட்டோடு பார்க்கைத் தாண்டி வந்தார்.

மணவாளன்தான் முதலில் எழுந்து போனான். வீடு கட்டிக்கொடுக்கிற மேஸ்திரி. அந்தத் தெருவில் பாதி வீட்டை அவன்தான் கட்டினான். இடிந்தால் ஆட்கள் தன்னைத்தான் கேட்பார்கள் என்ற பயம் அவனுக்கு.

"இன்னா நைனா, வாபஸ் வாங்கறியா இல்லியா?"

"எனக்கு இடிச்சப்ப நீங்க அல்லாரும் பிஸ்கோத்து தின்னுகினு வேடிக்கதான பாத்தீங்க."

மணவாளன் அவர் கன்னத்தில் அறைந்தான். திருவேங்கடத்துக்கு அறுபது வயது இருக்கும். ஆனால் மண்வெட்டி பிடித்த கை. திருப்பி ஒன்று விட்டார். மணவாளனுக்கு உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவ்வளவுதான், பார்க்கிலிருந்த கூட்டம் முழுக்க எழுந்துவிட்டது. யாரோ முதுகில் மிதித்தார்கள். யாரோ சட்டையைப் பிடித்துக் கிழித்தார்கள். அவர் குனிந்து அவர்களுக்கு நடுவில் புகுந்து ஓடினார்.

அவருடைய கேட் பூட்டியிருந்தது. ஜன்னல்கள் உடைந்த நாளிலிருந்து வசந்தா பகலிலும் உள்ளேயிருந்து பூட்டி வைக்கிறாள். அவள் சாவியைத் தேடி எடுத்து வருவதற்குள் கூட்டம் வந்துவிடும். அவர் அங்கே நிற்காமல் அடுத்த கேட்டுக்கு வந்தார். அது ரோஸியின் கேட். உள்பக்கம் திறக்கிற ஒற்றைக் கதவு. தாழ்ப்பாள் இன்னும் போடவில்லை.

"ரோஸிம்மா, உள்ள உடு" என்றார்.

கதவின் விளிம்பைப் பிடித்து இரண்டடி தள்ளிவிட்டார். அவர் மூக்கிலிருந்து ரத்தம் மீசையில் இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் கூட்டம் பத்தடி தூரத்தில் வந்துகொண்டிருந்தது. மாடியில் குழந்தை இருக்கிறது, அதனால்தான் செய்தேன் என்று ரோஸி பிறகு தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தாள். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். அந்த நிமிடத்தில் அவள் குழந்தையை நினைக்கவில்லை. படியின் ஓரத்தில் டேப்பை வைத்து அவர் எண்ணை எழுதியதுதான் கண்ணுக்குள் வந்தது. இப்போது மட்டும் என் வீடு வேண்டுமா என்று நினைத்தாள்.

தோளைக் கொடுத்துக் கதவைத் தள்ளினாள்.

அவருடைய வலது கை விரல்கள் கதவுக்கும் தூணுக்கும் நடுவில் இருந்தன. அவர் கத்தினார். கேட் முழுதாக மூடிக்கொள்ளவில்லை, தாழ்ப்பாள் விழவில்லை. ரோஸி ஓரடி பின்னால் வந்து மறுபடியும் இடித்தாள். இந்தமுறை எலும்பு நெரிபடுவது அவளுடைய தோளில் தெரிந்தது. அவர் கையை இழுத்துக்கொண்டார். தாழ்ப்பாள் விழுந்தது. சாம்பல் நிறப் பெயின்டில் தோலும் ரத்தமும் ஒட்டியிருந்தன.

அவள் கண்ணெதிரில்தான் அடித்தார்கள். கேட்டின் கம்பிகளுக்கு நடுவில் எல்லாம் தெரிந்தது. மணவாளன் முகத்தில் குத்தினான். கடைசி வீட்டு நாகப்பன் செருப்புக் காலால் விலாவில் உதைத்தான். பெயர் தெரியாத இரண்டு வாடகைக்காரர்கள்கூட வந்து உதைத்தார்கள். பால் பாக்கெட் மிதிபட்டு உடைந்து ரத்தத்தோடு கலந்து ஓடியது. அவர் தலையை இரண்டு கைக்குள் வைத்துச் சுருண்டுகொண்டார். கடைசியாக ஜோசப்ராஜ் வந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான், பிடித்து நிறுத்தத்தான் வருகிறான் என்று ரோஸி ஒரு கணம் நினைத்தாள். அவன் கையில், மணவாளனின் வண்டியிலிருந்து எடுத்த, சாரம் கட்டும் இரும்புப் பைப் இருந்தது. அதைத் தலைக்கு மேலே தூக்கி முழங்காலில் ஒரே அடி அடித்தான்.

அந்தச் சத்தத்துக்குப் பிறகு யாரும் அடிக்கவில்லை. ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். வசந்தா துடைப்பத்தோடு ஓடி வந்து கண்ணில் பட்டவர்களை எல்லாம் அடித்தாள். யாரும் தடுக்கவில்லை. வீரராகவன் பார்க்கின் வாசலிலேயே நின்று ஆம்புலன்சுக்கு போன் செய்துகொண்டிருந்தார்.

திருவேங்கடத்துக்கு முழங்கால் சில்லு உடைந்திருந்தது. மூன்று விலா எலும்பு முறிந்திருந்தது. வலது கையில் இரண்டு விரல்களை முதல் கணுவோடு எடுத்துவிட்டார்கள். முதல் இரண்டு நாள் அவர் பேசும் நிலையில் இல்லை, வசந்தா அவரோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். திங்கட்கிழமை போலீஸ் வீடு வீடாக வந்து விசாரித்தபோது தெரு முழுக்க ஒரே பதிலைச் சொன்னது. இடித்துப் போட்ட மாடியில் ஏறும்போது தவறி விழுந்துவிட்டார், நாங்கள்தான் ஆம்புலன்சை வரவழைத்தோம். வீரராகவன் அதையே அழகாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். ரோஸியும் கையெழுத்துப் போட்டாள்.

அன்று ஜோசப்ராஜ் மீன் குழம்பு போட்டு நன்றாகச் சாப்பிட்டான்.

"ஒரே அடிதான் அடிச்சேன். மத்தவனுங்கதான் போட்டு மெதிச்சானுங்க" என்றான்.

"ஆமா" என்றாள் ரோஸி. இடது கையால் அவனுக்கு இன்னும் குழம்பு ஊற்றினாள். வலது தோள் வீங்கியிருந்தது.

புதன்கிழமை அதிகாரிகள் வரவில்லை. வேறு எங்கோ வேலை என்று தள்ளிப்போனது. அன்று மத்தியானம் வசந்தா ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வந்தாள். தொட்டித் தண்ணீர் பெயின்டாகக் கிடந்ததால் கை பம்பில் ஒரு சொம்பு தண்ணீர் பிடித்து வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். ரோஸி போய் அவள் முன்னால் நின்றாள்.

"அக்கா, அண்ணன் வெரலு போனது என்னாலதான். உள்ள உடுன்னு கேட்டாரு. நான்தான் கேட்ட சாத்துனேன். வெரலு உள்ள கீதுன்னு தெரிஞ்சும் திரும்ப சாத்துனேன்."

வசந்தா அவளைப் பார்த்தாள். "அவரு சொல்லலயே" என்றாள். "கும்பல்ல மெதிச்சிட்டானுங்கன்னுதான சொன்னாரு."

"நான்தான்க்கா."

வசந்தா கையிலிருந்த சொம்பை ஓங்கி அடித்தாள். ரோஸியின் இடது புருவத்துக்கு மேலே பிளந்தது. ரோஸி நகரவில்லை. இரண்டாவது அடி காதோரம் விழுந்தது. மூன்றாவதற்குக் கையை ஓங்கிய வசந்தா, ரத்தம் கண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"எதுக்கு எங்கிட்ட வந்து சொல்ற? நான் போட்டு அடிச்சா உனுக்கு பாரம் கொறையும்னா? எங்கிட்ட சொல்லாத. போ, அந்தக் கையெழுத்துப் போட்டியே, அங்க போயி சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரோஸி துப்பட்டாவால் நெற்றியை அழுத்திக்கொண்டு, தெருமுனையில் ஷேர் ஆட்டோ பிடித்தாள். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"யாரும்மா அடிச்சது?"

"அது வேற சார். அத எழுத வேணாம். நான் திங்கக்கெழம போட்ட கையெழுத்து பொய். அத மாத்தணும்."

நடந்ததை வரிசையாகச் சொன்னாள். முதலில் தான் கேட்டைச் சாத்தியதைச் சொன்னாள். பிறகு மணவாளன் பெயர், நாகப்பன் பெயர். வாடகைக்காரர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது. கடைசியில் ஜோசப்ராஜ் என்று சொன்னபோது எழுதிக்கொண்டிருந்த ஏட்டு நிமிர்ந்தார்.

"உங்க வீட்டுக்காரரா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஆமா சார். பைப்பால முட்டியில அடிச்சாரு."

"நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா. அவர உள்ள வைக்கணும்."

"யோசிச்சுட்டுதான் வந்தேன்."

"வீரராகவன் சார் அடிச்சாரா?"

"இல்ல. அவரு பார்க்குல நின்னு பேசுனாரு. அப்புறம் நின்னு பாத்தாரு."

அதை ஏட்டு எழுதவில்லை. இன்னொன்றும் எழுதவில்லை. எழுதி முடித்துப் படித்துக் காட்டியபோது, கேட்டைச் சாத்தியது பற்றி ஒரு வரிதான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் அவளைச் சாட்சி என்று போட்டிருந்தார்கள்.

"நானும் செஞ்சேன் சார். அதயும் போடுங்க."

"உங்க வீட்டு கேட்ட நீங்க சாத்தினீங்க. அதுக்கு நான் எந்தப் பிரிவும்மா போடறது? கோர்ட்டுல கேட்டா சொல்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

சாயங்காலம் கம்பெனி வாசலிலேயே ஜோசப்ராஜைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஐந்து பேரைப் புழல் ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு தெருவின் கை ரோஸியின் பக்கம் திரும்பியது. முதல் கல் ஹாலில் மாதா படத்தின் மேல் விழுந்தது. மறுநாள் கேட்டில் சாக்கடைச் சேற்றை வாரி அடித்திருந்தார்கள். தண்ணீர் லாரியில் பிடிக்கப் போனபோது மணவாளனின் மனைவி அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினாள். சுற்றிலும் நின்ற பெண்கள் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு இடம் விட்டார்கள். ரோஸி எழுந்து தன் குடத்தை நிமிர்த்திக் குழாய்க்கு நேராக மறுபடியும் வைத்தாள். முழங்கையில் மணல் ஒட்டியிருந்தது.

ரெனிதா மூன்றாம் நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கணவன் ஜோஸோடு திருவேற்காட்டில் மாமியார் வீட்டுக்குப் போனாள். போகும்போது படியின் கடைசியில் நின்று, "அப்பா பேர மட்டும் உட்டுட்டு மிச்சத்த சொல்லியிருக்கலாம் இல்ல" என்று கேட்டாள்.

"அவரு அடிச்சது நான் பாத்தது."

"நீயெல்லாம் ஒரு மனுஷியா" என்றாள் மகள். ஆட்டோ போனது.

அதற்கு அடுத்த வாரம் அதிகாரிகள் வந்தார்கள். படியை இடிக்க இரண்டரை மணி நேரம் ஆனது. மெஷின் ஓடும்போது வீட்டுக்குள் இருந்த பாத்திரமெல்லாம் நடுங்கின. ரோஸி சமையலறையில் நின்றுகொண்டு அவை கீழே விழாமல் அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் போனபின் வெளியே வந்து பார்த்தாள். மாடியில் கதவு அப்படியே இருந்தது. அதைத் திறந்தால் காலை வைக்க இடம் இல்லை, பதினோரு அடி ஆழம். சந்திலிருந்து தெருவரை கான்கிரீட்டும் செங்கல்லும் கம்பியுமாகக் குவிந்து கிடந்தது. வீரராகவனின் கார் ஷெட்டை இடிக்கவில்லை. அவர் கோர்ட்டில் தடை வாங்கிவிட்டதாகச் சொன்னார்கள்.

இருபத்துநான்காம் நாள் ஜோசப்ராஜ் ஜாமீனில் வந்தான். அவனுடைய தாடி வெளுத்திருந்தது. தெருவில் நின்று மாடிக் கதவை வெகுநேரம் பார்த்தான். பிறகு உள்ளே வந்து, தண்ணீர் கொண்டுவந்த ரோஸியின் கன்னத்தில் அறைந்தான். டம்ளர் சுவரில் போய் மோதியது.

ரோஸி டம்ளரை எடுத்து வைத்துவிட்டு வந்தாள்.

"இன்னும் அடிக்கணும்னா அடிச்சுக்கோங்க. சொன்னத மாத்த மாட்டேன்."

"உள்ள இன்னா அடி அடிக்கறானுங்க தெரியுமா?" என்றான். "ஊட்டுக்காரியே காட்டிக் குடுத்தாளான்னு கேட்டு கேட்டு அடிச்சானுங்க." தரையில் உட்கார்ந்தான். "அந்தாளு முட்டி எப்படி கீது?" என்று கேட்டான்.

"கம்பி வச்சிகீறாங்க. மடக்க முடியாதாம்."

அவன் தரையில் சிந்திய தண்ணீரைத் துடைத்தான்.

மத்தியானம் ஒரு ஊழியர் வந்து கேட்டில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார். பொது வழியில் கட்டடக் கழிவு கிடக்கிறது, மூன்று நாளுக்குள் அகற்றாவிட்டால் அபராதம். ஜோசப்ராஜ் அதை இரண்டு முறை படித்தான். இடித்ததும் அவர்கள், கொட்டிவிட்டுப் போனதும் அவர்கள். அவன் முகத்தில் பழைய கோபம் ஏறுவதைப் பார்த்து ரோஸி பயந்தாள். அவன் பின்பக்கம் போய்க் காலி சிமென்ட் சாக்குகளை எடுத்து வந்தான். இரண்டு பேரும் குனிந்து அள்ள ஆரம்பித்தார்கள்.

நான்கு மணிக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. வசந்தா முதலில் இறங்கினாள். பிறகு திருவேங்கடம் வாக்கரை ஊன்றிக்கொண்டு இறங்கினார். வலது கையில் கட்டு. இடிபாடு அவர் கேட்டுக்குப் போகும் பாதையையும் அடைத்திருந்தது. அவர் நின்றார். ஜோசப்ராஜ் சாக்கைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வசந்தா கணவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

ஜோசப்ராஜ் குனிந்தான். பாதையில் கிடந்த படிக்கல் ஒன்றைப் புரட்டித் தள்ளினான். அது நகரவில்லை. ரோஸி அந்தப் பக்கம் பிடித்தாள். இருவருமாக நகர்த்தினார்கள். வாக்கர் போகுமளவுக்கு இடம் கிடைத்தது.

திருவேங்கடம் ஒவ்வொரு அடியாக வைத்து அவர்களைக் கடந்து போனார். தன் கேட்டுக்கு முன்னால் நின்று, திரும்பாமலே பேசினார்.

"ரோஸிம்மா. கோர்ட்டுல நான் உன் பேரயும் சொல்லுவேன்."

"சொல்லுங்கண்ணே."

"அவன் பேரயும் சொல்லுவேன். எவனையும் உட மாட்டேன்."

"சொல்லுங்கண்ணே" என்றாள் ரோஸி மறுபடியும்.

வசந்தா பூட்டைத் திறந்தாள். அவர்கள் உள்ளே போனார்கள். ஜோசப்ராஜ் சாக்கின் வாயைப் பிரித்துப் பிடித்தான். ரோஸி செங்கல் துண்டுகளை அதில் போட்டாள். இருட்டுவதற்குள் பதினாறு சாக்கு நிரம்பின. பாதிகூடத் தீரவில்லை.